கைக்கோடாலி கைமாறாத நாள்

பெரியவனைத் திட்டி எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வாசகிகள் எல்லோரும் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வையுங்கள். "தங்கையின் காலில் கோடாலியைப் போட்டுவிட்டு வீட்டை விட்டுப் போனவன், அப்பா சாகக் கிடக்கும்போதுகூட எட்டிப் பார்க்கவில்லை, இவனெல்லாம் ஒரு பிள்ளையா?" என்று ஒரு அம்மா நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானதுதான். ஆனால் ஆள் மாறிப் போய்விட்டது. இத்தனை வாரம் மென்று முழுங்கியதை இந்த வாரம் நான் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தொடரில் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. லைன்மேன் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். முப்பத்திரண்டு வருஷம் மின்கம்பம் ஏறியவர். கம்பியில் உரசும் கிளைகளை வெட்டித் தள்ளியவர். மனைவி போய்ப் பத்து வருஷமாகிறது. தொண்டையில் வந்த கட்டி குரலைத் தின்றுவிட்டு, காற்றில் கரைந்த கிசுகிசுப்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி நாலு நாளாகிறது.

கூட இருப்பவள் மகள் சின்னு, பெரியவனின் தங்கை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. இப்போது லீவில் இருக்கிறாள். இடது காலில் இரண்டு விரல் இல்லை. செருப்பில்லாமல் நடந்தால் லேசாகச் சாய்வாள்.

சாயங்காலம் ஊசி போட வரும் நர்ஸ், நாளையிலிருந்து மருந்தின் அளவைக் கூட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனதுடன் போன வாரம் நின்றோம். கூட்டினால் வலி தெரியாது. ஆனால் ஆளும் தெளிவாக இருக்க மாட்டார், முக்கால்வாசி நேரம் தூக்கம்தான்.

அந்த 'நாளை' விடிந்துவிட்டது. பாதி தம்ளர் பாலைக் குடித்து முடித்ததும் லைன்மேன் விரலால் மேலே காட்டினார்.

"பரண்ல பச்சைப் பெட்டி."

"இப்ப எதுக்குப்பா அது?"

"எடேன்."

சின்னு ஸ்டூல் போட்டு ஏறினாள். பெட்டிக்குள் கூடாரத் துணி, முளைக் குச்சிகள், கயிறு, கரி பிடித்த கெட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை, நாலு நாள், இந்தக் குடும்பம் ஆற்றோரக் காட்டில் கூடாரம் போடும். ஆறு வருஷமாகப் போடவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய துண்டில் சுற்றி, அது இருந்தது.

கைக்கோடாலி. உள்ளங்கை அகலத்துக்குத் தலை, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் காம்பு. லைன்மேனின் அப்பா லாரிப் பட்டறையில் கொல்லர். உடைந்த ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் காய்ச்சி அடித்து, தன் மகனுக்கு முதல் வேலை கிடைத்த அன்று கொடுத்தது. கோடாலித் தலையின் ஒரு கன்னத்தில் சுத்தியல் அடித்த குழிகள் அம்மைத் தழும்பு மாதிரி இன்னும் தெரியும். கடையில் விற்கும் பளபளப்புச் சாமான்களைப் பார்த்துப் பழகிய யாரும் இதை ஒரு தடவைக்கு மேல் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் கீழே வைக்க மாட்டார்கள்.

துண்டைப் பிரித்து, தோல் உறையைக் கழற்றினாள். வெட்டும் வாய் ஓரத்தில் துரு ஒரு நூல் அளவுக்கு ஓடியிருந்தது. லைன்மேன் முகத்தைச் சுளித்தார்.

"கல்லை எடு. தண்ணி தொட்டுக்கோ. வட்டமாத் தேய்."

"தெரியும்ப்பா. நாள் முழுக்கத் தேய்க்கிறதுதானே என் பொழப்பு."

"அது கண்ணாடி. சொன்னபடி கேக்கும். இது இரும்பு, அவசரப்பட்டா கோவிச்சுக்கும்."

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தேய்த்தாள். சரசரவென்று ஒரே சீரான சத்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சத்தம் மாறினால் மட்டும் ஒரு விரலைத் தூக்குவார். அவள் கோணத்தைத் திருத்திக்கொள்வாள். அரை மணி நேரத்தில் துரு போய், வாயில் வெள்ளிக் கோடு வந்தது. அவர் முன்கையை நீட்டினார். அங்கே மிச்சமிருந்த நாலு முடியில் இரண்டு, கோடாலி வாய் பட்ட மாத்திரத்தில் உதிர்ந்தன.

"ம். உன் கணக்குப் பரீட்சைக்கு இதுலதான் பென்சில் சீவிக் குடுத்தேன். ஞாபகமிருக்கா?"

"அந்தப் பரீட்சையில நான் ஃபெயிலுப்பா."

"பென்சில்ல குத்தமில்ல."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்து, இருமல் வலியாகி, ஐந்து நிமிஷம் அவள் அவர் நெஞ்சைத் தடவிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் இந்த நாலு நாளில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

காம்புக்கு எண்ணெய் போட்டார்கள். அவர் தன் கையாலேயே துணியை எடுத்துத் தடவினார். அவர் பிடித்துப் பிடித்து மெலிந்த இடத்தில் அவர் விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. ஆப்பைத் தட்டிப் பார்த்தார். தலை ஆடவில்லை. பிறகு உறையை மாட்டி, பொத்தானைப் போட்டு, கோடாலியைத் திருப்பினார். தலை அவர் கையில். காம்பு சின்னுவின் பக்கம்.

"பிடி" என்றார்.

அவள் கை மேலே எழும்பவில்லை.

இந்த வீட்டில் 'பிடி' என்றால் சும்மா இல்லை. கம்பத்தின் மேல் இரண்டு பேர் வேலை செய்யும்போது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஆயுதம் போக வேண்டுமானால், வாங்குகிறவர் "பிடிச்சேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கொடுக்கிறவர் விடுவார். சொல் வராமல் கை விடக்கூடாது. கை பிடிக்காமல் சொல் வரக்கூடாது. கீழே நிற்பவன் தலை தப்புவது அந்த ஒரு சொல்லில்தான்.

லைன்மேன் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். அரிவாள்மனை, சூடான பாத்திரம், கத்தரிக்கோல் எதுவானாலும் "பிடிச்சேன்" இல்லாமல் கைமாறாது. பெரியவன் பிறந்தபோது நர்ஸ் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு "பிடிச்சேன்" என்று சத்தமாகச் சொன்னாராம். வார்டே திரும்பிப் பார்த்ததாம். அவர் மனைவி சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை அது.

"பால் அடுப்புல இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுச் சின்னு சமையலறைக்குள் போனாள்.

அடுப்பில் பாலும் இல்லை, அடுப்பு எரியவும் இல்லை. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது அவர் கை அப்படியே நீண்டிருந்தது. எலும்பும் தோலுமான கைக்கு அந்தக் கோடாலி பெரிய பாரம். ஆனால் இறக்கவில்லை.

"மூத்தவனுக்குத்தான் இது போயிருக்கணும்" என்றார். "ஆனா அவனுக்குக் குடுக்க மாட்டேன். சொல்லு வர்றதுக்கு முன்னாடி விட்டவன் அவன். நீ வாங்கிக்க. சாயங்காலத்துக்குள்ள. அப்புறம் எனக்கு நெனவு இருக்குமோ என்னமோ."

சின்னு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னிக்கு நான் சொன்னேன்ப்பா."

"என்ன சொன்னே?"

"பிடிச்சேன்னு சொன்னேன். அண்ணன் கேட்டுட்டுத்தான் விட்டான்."

கோடாலி அவர் மடியில் இறங்கியது.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நிறுத்தினால் இன்னொரு தடவை தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், அந்தக் கடைசிக் கேம்ப்பில், கூடாரத்துக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான் பெரியவன். அவளுடைய முறை வந்ததும் காம்பை நீட்டினான். அவள் இடது கையில் போன். ஓட்டப் பந்தய அணியில் யார் யார் தேர்வானார்கள் என்ற பட்டியல் அப்போதுதான் வந்திருந்தது. கண் முழுக்க அதில். பட்டியலில் தன் பெயர் இருந்ததைப் பார்த்த சந்தோஷத்தில், காம்பைத் தொடாமலேயே "பிடிச்சேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவன் விட்டான்.

லைன்மேன் ஓடி வந்தபோது ரத்தத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "சொல்றதுக்கு முன்னாடி விட்டியாடா?" என்று கத்தினார். பெரியவன் தங்கையைப் பார்த்தான். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் அப்பா தலையைத் தடவிக் கேட்டபோது, "நான் சொல்லவே இல்லப்பா" என்றாள். பத்தொன்பது வயசு. கேம்ப்பில் போனைத் தொடக்கூடாது என்று அப்பா போட்ட சட்டத்தை மீறியதற்கு அவ்வளவு பயம். விரல் போன பயம் அப்போது வரவில்லை, அது பிறகுதான் வந்தது.

மறுநாள் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். அதற்குள் அப்பா மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், லைன்மேன் வேலைக்குத் தேர்வாகியிருந்த தன் மகனை எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "இவன் கம்பத்துல ஏறினா கீழ நிக்கிறவன் சாவான்." பெரியவன் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் தங்கையிடம், "கால் விரல் போனவ நீ. உன்கிட்ட நான் என்ன சண்டை போடறது?" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு சொல்வதற்கு அவளுக்கு வாயில்லாமல் போய்விட்டது.

லைன்மேன் அவளைத் திட்டவில்லை. வேலைக்காரன் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"உன் கை காம்புல இருந்துதா?"

"இல்லப்பா."

"சொல்லு மட்டும் வந்துது."

"ஆமாப்பா."

"அப்போ அவன் சரியாத்தான் விட்டான்."

மறுபடியும், "சரியாத்தான் விட்டான்" என்றார். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது அழுகை வந்துவிட்டது. குரல் இல்லாத மனிதர் அழுதால் எப்படி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. சின்னு அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "இனிமே உங்ககிட்ட பொய்யே சொல்ல மாட்டேன்ப்பா, சத்தியமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் கையை அசைத்து அவளை நிறுத்தினார். "போன் போடு அவனுக்கு."

பெரியவன் இருப்பது மலைக்குள் சுரங்கப்பாதை குடையும் இடத்தில். வேலைக் கருவிகளை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கும் ஸ்டோர் கீப்பர். அங்கே செல்போனுக்கு சிக்னல் வராது. ஸ்டோர் கவுன்ட்டரில் ஒரு பழைய போன், அவ்வளவுதான். அந்த எண்ணை அவள் இரண்டு வருஷமாக வைத்திருந்தாள். ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

மத்தியானம் வரை போனை யாரும் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் எடுத்தார்கள்.

"ஸ்டோர்."

அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. "அண்ணா, நான் சின்னு."

மறுமுனையில் யாரோ எதையோ கேட்டார்கள். ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவன் பேசுவது கேட்டது. "இந்தாங்க, டிரில். பிடிச்சீங்களா? வாயால சொல்லுங்க." யாரோ சிரித்துக்கொண்டே, "பிடிச்சேன் சாமி, பிடிச்சேன். விடு" என்றார்கள். சின்னு புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"சொல்லு" என்றான், திரும்ப வந்து.

அப்பாவின் நிலைமையைச் சொன்னாள். காலையில் நடந்ததைச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் மெதுவாகத்தான் பேசினான்.

"இப்ப எதுக்கு இதைச் சொன்னே? என்னைத் திட்டிக்கிட்டே நிம்மதியாப் போயிருப்பாரு. இப்போ தன்னையே திட்டிக்கிட்டுப் போகணும்."

நியாயமான கேள்விதான்.

லைன்மேன் படுக்கையிலிருந்து கையை நீட்டினார். அவள் போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். நரம்பு புடைக்க, முழு பலத்தையும் சேர்த்து அவர் ஏதோ சொன்னார். அவளுக்கே பாதிதான் புரிந்தது. போனில் அவனுக்குக் காற்றுச் சத்தம் தவிர எதுவும் போய்ச் சேரவில்லை.

"யாரு மூச்சு விடறது? லைன் சரியில்ல."

"அப்பாதான் அண்ணா. அவருக்குக் குரல் போயிடுச்சு. அவர் சொல்றதை நான் சொல்றேன், கேளு." காதை அவர் உதட்டோடு வைத்துக் கேட்டாள். நிமிர்ந்தாள். "தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்கோன்னு சொல்றாரு. வந்து கோடாலியை வாங்கிக்கோன்னு சொல்றாரு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"அவரா? மன்னிச்சுக்கோன்னு? அம்மா செத்தப்பகூட அந்த வார்த்தை அவர் வாயில வரல."

"சத்தியமா அண்ணா. இப்ப சொன்னாரு. என் காதுல."

"உன் வார்த்தையை நம்பி ஒரு தடவை கையை விட்டேன் சின்னு." யாரோ கவுன்ட்டரைத் தட்டினார்கள். "எனக்கு ஆள் நிக்கறாங்க. வெச்சிடறேன்."

போன் கட்டானது. அவள் மறுபடி போட்டாள். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டான் போலிருக்கிறது, பீப் பீப் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

லைன்மேன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக அந்தக் கண்ணில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. ஆசை. சாகப் போகிற மனிதருக்கு வரக்கூடாத அளவுக்கு ஆசை.

"என்ன சொன்னான்?"

காலையில் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு செய்த சத்தியம் அவளுக்கு மறக்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன், அவளுக்காக நான் வக்காலத்து வாங்க வரவில்லை. நீங்களும் நானும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

"வர்றேன்னான்ப்பா" என்றாள்.

"எப்போ?"

"நாளைக்கு. நாளைக்குச் சாயங்காலம்."

அவர் முகம் விரிந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டு, தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "காலையில ஷேவ் பண்ணி விடு. இப்படிப் பார்த்தான்னா பயந்துடுவான்" என்றார். வேறு சட்டை கேட்டார். அவன் படுக்கப் பாய் எங்கே, போர்வை துவைத்திருக்கிறதா என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டினாள். உள்ளுக்குள் ராத்திரி பஸ் எத்தனை மணிக்கு, மலைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும், அதுவரை இவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்தாள். நாற்பது வயசு, அதிகம் பேசாதவள், வந்ததும் கை கழுவிவிட்டுத்தான் மற்றதெல்லாம். பெட்டியைத் திறந்து மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

"இன்னிக்கு அளவு கூட ஐயா. நல்லாத் தூங்கலாம்."

லைன்மேன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்."

"ஏன் ஐயா?"

"நாளைக்கு என் பையன் வர்றான். நான் முழிச்சிருக்கணும்."

நர்ஸ் குனிந்து அவர் சொன்னதை மறுபடி கேட்டுக்கொண்டாள். பிறகு சின்னுவைத் தனியாகக் கூப்பிட்டு, கதவருகில் நிறுத்தினாள். தணிந்த குரல்தான், ஆனால் அந்த அறை சின்னது.

"இந்த ஊசி இல்லாம ராத்திரி இவரால தாங்க முடியாதும்மா. நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கேன். பழைய அளவும் இனிமே பத்தாது. துடிச்சுப் போயிடுவாரு." ஊசியை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். "ஆனா பிள்ளையைப் பார்க்கணும்னு ஒருத்தர் வேண்டாம்னு சொல்லும்போது நான் எப்படிப் போடறது? நீங்க சொல்லுங்க. பையன் நிச்சயமா வர்றாரா?"

கட்டிலில் லைன்மேன் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார்.

"வர்றான்" என்றாள் சின்னு.

நர்ஸ் ஊசியின் மூடியைத் திரும்பப் போட்டுப் பெட்டிக்குள் வைத்தாள்.